ஆறு முதலா, கரை முதலா?
குருதியும் குருதிக் குழாயும் பிறந்த வரலாறு

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில், இலக்கியத்திற்குப் புறம்பான பொருள் ஒன்றைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டியது. என் தாயாரின் வலக்கண் விழித்திரைக்கு அடியில் புதிய குருதிக் குழாய்கள் முளைத்துவிட்டன என்று மருத்துவர் கூறியிருந்த காலம் அது. வாழ்நாளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த அவருக்கு, எழுத்துகளின் நடுவே கருநிழல் ஒன்று விழத் தொடங்கியிருந்தது. "வளர்வது நல்லதுதானே, அதை ஏன் ஊசி போட்டுத் தடுக்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். அதற்கு விடை தேடிப் படித்தவற்றையே அன்று பேசினேன். பேச்சு முடிந்ததும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, "அம்மையீர், ஆறு முதலா, கரை முதலா? குருதி முதலில் பிறந்ததா, அது ஓடும் குழாய் முதலில் பிறந்ததா?" என்று வினவினார். அன்று என்னால் நேரான விடை கூற இயலவில்லை. பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்டபோது அக்கடனைத் தீர்க்க எண்ணினேன்.

யான் அறிவியல் பயின்றவள் அல்லள். ஆயினும் தமிழாசிரியர்க்குப் பழக்கமான வழி ஒன்று உண்டு. ஒரு சொல்லைக் கண்டால் அது இடுகுறிப் பெயரா, காரணப் பெயரா என்று கேட்டுப் பார்ப்போம். குருதியின் பிறப்பை ஆராய்ந்த அறிஞர் தாம் கண்டவற்றுக்கு இட்ட பெயர்களை அவ்வாறு கேட்டுப் பார்த்தபோது, ஒவ்வொரு பெயரும் அதை இட்டவர் எந்தக் கரையில் நின்று பார்த்தார் என்பதைச் சொல்லக் கண்டேன். அவ்வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

வினாவின் பழமை

கோழி முட்டையை நாள்தோறும் ஒன்றாக உடைத்துப் பார்த்துக் கருவின் வளர்ச்சியைக் குறித்து வைத்தவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். மூன்றாம் நாளளவில் வெண்கருவிடையே ஒரு குருதிப் புள்ளி துடிப்பதை அவர் கண்டார். குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்பதை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628இல் நூலாக வெளியிட்டார். தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வழியே செல்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி 1661இல் தவளையின் நுரையீரலை உருப்பெருக்கியில் நோக்கி, இரண்டையும் இணைக்கும் தந்துகிகளைக் கண்டறிந்தார். இங்ஙனம் ஆற்றின் போக்கு முழுமையாகத் தெரிந்தது, ஊற்று தெரியவில்லை. குழாய் என்பது பாண்டம், குருதி என்பது அதில் நிறைக்கப்படும் பொருள் என்ற எண்ணமே நெடுங்காலம் பலர் உள்ளத்திலும் இருந்தது.

விடிய விடிய ஓர் இரவு

இவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் தலையாயவர் ஓர் அம்மையார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1871இல் பிறந்த ஃபுளோரன்ஸ் சேபின், இளமையிலேயே தாயை இழந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் 1900இல் பட்டம் பெற்று, அங்கேயே முதல் பெண் ஆசிரியராகச் சேர்ந்தார். நிணநீர்க் குழாய்கள் சிரைகளிலிருந்தே அரும்புகின்றன என்பதைப் பன்றிக் கருக்களைக் கொண்டு நிறுவிப் புகழ் பெற்றார். 1917இல் உடற்கூற்றியல் துறைத் தலைவர் மறைந்தபோது அவ்விடம் சேபினுக்கே வரும் எனப் பலரும் எதிர்பார்த்தனர். அவரிடம் பயின்ற ஆடவர் ஒருவருக்கு அது சென்றது. சேபினுக்குத் திசுவியல் பேராசிரியர் பதவி அளிக்கப்பட்டது. அப்பள்ளியில் முழுநிலைப் பேராசிரியரான முதற்பெண் அவரே. பதவியிழப்புக்காகப் பணியை விட்டு அவர் விலகவில்லை. உருப்பெருக்கியின் முன் அமர்ந்தார்.

அடைகாக்கும் இரண்டாம் நாளில் உள்ள கோழிக் கருவை எடுத்து, கண்ணாடித் தகட்டின் அடியில் தொங்கும் ஒரு சொட்டு உப்புக் கரைசலில் வைத்து, உயிருள்ளபோதே நோக்குவது அவர் முறை. இறந்த கருவை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தவர்கள் கண்டவை அசையாப் படங்கள். அவர் கண்டதோ நிகழ்ச்சி. முதலில் உயிரணுக்கள் சில திரண்டு இழைகளாயின. அத்திரளின் நடுப்பகுதி கரைந்து நீர்மமாயிற்று. விளிம்பில் நின்றவை சுவராயின. அச்சுவரில் இருந்த உயிரணுக்களிலிருந்தே குருதி உயிரணுக்கள் பிரிந்து உள்ளே விழுந்தன. ஓர் இரவு முழுவதும் கண்ணுறங்காது இருந்து, குழாய் உருவாவதையும், குருதி பிறப்பதையும், இறுதியில் இதயம் தன் முதல் துடிப்பைத் துடிப்பதையும் அவர் பார்த்தார். தம் வாழ்வில் தம்மைப் பெரிதும் சிலிர்க்கச் செய்த அனுபவம் அதுவே என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இவ்வாய்வு விரிவான நூலாக 1920இல் வெளிவந்தது. குருதியையும் குழாயையும் ஈன்றெடுக்கும் பொதுத்தாய் உயிரணுவுக்கு 1932இல் முர்ரே என்னும் கருவியலார் 'ஹீமாஞ்சியோபிளாஸ்ட்' எனப் பெயரிட்டார். குருதி, குழாய், முளை என்னும் மூன்று கிரேக்கச் சொற்களின் புணர்ச்சி அது. காரணப் பெயர்தான், எனினும் அக்காரணத்தை மெய்ப்பிக்கும் கருவி அன்று எவரிடமும் இல்லை. ஓர் உயிரணுவைத் தனியே எடுத்து, இதுவே தாய் என்று காட்ட முடியாததால், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது பெயரளவிலேயே நின்றது.

வெள்ளைப் புள்ளிச் சுண்டெலி

இனி, வேறொரு கரையில் நடந்ததைக் காண்போம். விலங்கு வளர்ப்போர் பொழுதுபோக்காக வளர்த்த சுண்டெலிகளுள் வயிற்றிலும் நெற்றியிலும் வெள்ளைப் புள்ளி கொண்டவை சில இருந்தன. அப்புள்ளிக்குக் காரணமான மரபணுக் குறையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குட்டிகள் குருதிச்சோகை மிக்கனவாகவும் மலடாகவும் இருந்தன. தோலின் நிறத்துக்கும் குருதிக்கும் என்ன உறவு? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் எலிசபெத் ரஸ்ஸல் என்னும் அம்மையார் இவ்வினாவுடன் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். 'ஸ்டீல்' எனப்பட்ட மற்றொரு சுண்டெலி வகையும் இதே மூன்று குறைகளைக் காட்டியது. ஆனால் 1960களில் டொராண்டோ அறிஞர்கள் செய்த மாற்றுச் சோதனைகளில் ஒரு வேறுபாடு புலனாயிற்று. வெள்ளைப் புள்ளிச் சுண்டெலியின் குருதி மூல உயிரணுக்கள் நல்ல உடலில் இட்டாலும் வளரவில்லை. ஸ்டீல் வகையின் உயிரணுக்களோ நல்ல உடலில் செழித்தன; அவ்வகையின் உடலில் நல்ல உயிரணுக்களை இட்டால் அவை வாடின. முன்னதில் விதை பழுது. பின்னதில் நிலம் பழுது.

இப்பழுது எதுவென 1988இல் தெரிந்தது. பூனைக்குப் புற்றுநோய் தரும் நச்சுயிரி ஒன்றில் முதலில் காணப்பட்ட 'கிட்' என்னும் மரபணுவே வெள்ளைப் புள்ளியின் இருப்பிடம் என்று இரு ஆய்வுக் குழுக்கள் அறிவித்தன. அது உயிரணுவின் மேல் நிற்கும் ஓர் ஏற்பியை உண்டாக்கும் மரபணு. ஸ்டீல் வகையில் குறைந்திருந்தது அவ்வேற்பியில் வந்து பொருந்தும் புரதம் என்பது 1990இல் உறுதியாயிற்று. பிறவியிலேயே நெற்றியில் ஒரு கற்றை வெண்முடியுடன் பிறக்கும் மனிதர் சிலரிடமும் இதே கிட் மரபணுவில் மாற்றம் இருப்பது 1991இல் கண்டறியப்பட்டது.

பழைய கரைசல் காட்டிய புதுமை

ஏற்பி என்றால் யாது? உயிரணுவைச் சூழ்ந்த சவ்வை ஊடுருவி நிற்கும் புரதம் அது. வெளியே நீண்ட பகுதி, தனக்குரிய செய்திப் புரதத்துக்காகக் காத்திருக்கும். உள்ளே உள்ள பகுதி ஒரு நொதி. செய்தி வந்து பொருந்தியதும் இரண்டு ஏற்பிகள் இணையும். ஒன்றின் உட்பகுதி மற்றதன் மேல் பாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூற்றை ஏற்றும். அதுவே விளக்கேற்றியது போல உள்ளே உள்ள பிற புரதங்களை அழைக்கும். பிழைத்திரு, பெருகு, இடம்பெயர், மாறு என்னும் ஆணைகள் இவ்வழியே உயிரணுவின் கருவுக்குள் செல்கின்றன.

பாஸ்பேட் ஏற்றும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். அசைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. டைரோசின் என்பது பாலாடைக்கட்டியிலிருந்து 1846இல் ஜெர்மானிய வேதியியலார் லீபிக் பிரித்தெடுத்த அமினோ அமிலம். கிரேக்கத்தில் பாலாடைக்கட்டியைக் குறிக்கும் சொல்லே அதன் வேர். இவ்விரு பெயர்களும் ஒன்று சேரக் காரணமாக இருந்தது ஒரு சிறு சோம்பல். புரதங்களில் செரின், திரியோனின் என்னும் இரு அமினோ அமிலங்களின் மேல்தான் பாஸ்பேட் ஏறும் என அறிஞர் நம்பியிருந்தனர். கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹண்டர் 1979இல் புதுக் கரைசல் தயாரிக்காமல், முன்பு பயன்படுத்திய கரைசலையே மீண்டும் எடுத்தார். பழையதானதால் அதன் அமிலத்தன்மை சற்று மிகுந்திருந்தது. அதனால், வழக்கமாகத் திரியோனினோடு ஒட்டி நின்று மறையும் ஒரு புள்ளி தனியே பிரிந்து தெரிந்தது. அது பாஸ்பேட் ஏறிய டைரோசின். உயிரணுவின் புரதங்களில் ஏறும் பாஸ்பேட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே டைரோசினில் உள்ளது. அளவில் சிறிதாயினும் ஆணையில் பெரிது. அடுத்த ஆண்டே ஸ்டான்லி கோஹன், தாம் முன்பே கண்டறிந்த வளர்ச்சிப் புரதம் ஒன்றின் ஏற்பியும் டைரோசின் கைனேஸே என்று காட்டினார். மனித உடலில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் 58 எனப் பின்னர் கணக்கிடப்பட்டன. கிட் அவற்றுள் ஒன்று.

ஒரு பொருள், பல பெயர்

குழாயின் கரையிலும் அதே ஆண்டுகளில் தேடல் நடந்தது. பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை வல்லுநர் ஜூடா ஃபோக்மன், புற்றுக்கட்டி தனக்கெனக் குருதிக் குழாய்களை வரவழைத்துக்கொண்டாலன்றி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று 1971இல் எழுதினார். வரவழைக்கும் பொருள் எதுவென அவரால் காட்ட இயலாததால் அன்று பலர் நம்பவில்லை. 1983இல் அதே நகரில் டொனால்ட் செங்கரும் ஹரால்டு டுவோராக்கும் கட்டியிலிருந்து சுரக்கும் ஒரு புரதம் குழாயின் சுவரைக் கசியச் செய்வதைக் கண்டு, கசிவுக் காரணி என்று பெயரிட்டனர். 1989இல் கலிபோர்னியாவில் நெப்போலியோன் ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பி உயிரணுக்களிலிருந்து, குழாயின் உட்சுவரை வளர்க்கும் புரதம் ஒன்றைப் பிரித்து வளர்ச்சிக் காரணி என்று பெயரிட்டார். மரபணுக்களைப் படித்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே. ஒருவர் கசிவைக் கண்டார். மற்றவர் வளர்ச்சியைக் கண்டார். இன்று உலகம் அதை வி.இ.ஜி.எஃப். என வழங்குகிறது.

இப்புரதத்தை ஏற்பது எது? இங்கேதான் இரு கரைகளும் சந்திக்கின்றன. பிரின்ஸ்டனில் இஹோர் லெமிஷ்காவின் ஆய்வகம், குருதியின் மூல உயிரணுக்களில் உள்ள ஏற்பிகளைத் தேடி, சுண்டெலிக் கருவின் கல்லீரலில் இரண்டைக் கண்டது. அப்பருவத்தில் குருதி கல்லீரலிலேயே விளைகிறது. எனவே 1991இல் அவற்றுக்குக் கருக் கல்லீரல் கைனேஸ் 1, 2 என்னும் பொருள்பட ஃபிளக்-1, ஃபிளக்-2 என்று பெயரிட்டனர். மனிதக் குழாய்ச் சுவரில் அதே காலத்தில் கண்டெடுக்கப்பட்ட கே.டி.ஆர். என்னும் ஏற்பியும் ஃபிளக்-1உம் ஒரே மரபணுவின் மனித வடிவமும் சுண்டெலி வடிவமுமே. அவ்வேற்பிக்கு உரிய செய்தி வி.இ.ஜி.எஃப். என்பது 1992, 1993ஆம் ஆண்டுகளில் நிறுவப்பட்டது. குருதியைத் தேடியவர் கையில் குழாயின் திறவுகோல் கிடைத்தது! உடன்பிறந்த பெயருடைய ஃபிளக்-2 குருதியின் பக்கமே நின்றது. இன்று அதன் பெயர் எஃப்.எல்.டி.-3. ஒரே ஆய்வகம் ஒரே கல்லீரலில் எடுத்த இரண்டில் ஒன்று கரைக்கும் மற்றொன்று நீருக்கும் உரியதாயிற்று.

1995

ஃபிளக்-1 மரபணுவை முற்றிலும் நீக்கினால் என்ன ஆகும்? டொராண்டோவில் ஜேனட் ரோஸன்ட் அம்மையாரின் குழுவினர் இதைச் செய்து 1995இல் வெளியிட்டனர். சுண்டெலிக் கரு ஏறத்தாழ இருபது நாள் தாய்வயிற்றில் வளர்வது. அம்மரபணு இல்லாத கருக்கள் ஒன்பதாம் நாளளவில் இறந்தன. அவற்றில் குருதிக் குழாய்கள் இல்லை. அதுமட்டுமன்று, குருதியும் இல்லை. கருவைச் சூழ்ந்த மஞ்சட்கருப் பையில் குருதித் தீவுகள் எனப்படும் திரள்கள் தோன்றவே இல்லை. ஒரே ஓர் ஏற்பி இல்லாததால் ஆறும் கரையும் ஒருங்கே இல்லாதொழிந்தன. சேபின் கண்ணால் கண்டு எழுதிய உறவுக்கு முக்கால் நூற்றாண்டு கழித்துக் கிடைத்த வலிய சான்று இது.

அதே இதழில் அடுத்த பக்கங்களில் மற்றோர் ஆய்வும் வெளிவந்தது. வி.இ.ஜி.எஃப். சென்று பொருந்தும் இன்னோர் ஏற்பியான எஃப்.எல்.டி.-1ஐ நீக்கியபோதும் கருக்கள் இறந்தன. ஆனால் குறைவால் அன்று, மிகுதியால். உட்சுவர் உயிரணுக்கள் மட்டின்றிப் பெருகிக் குழாய்கள் ஒழுங்கற்றுப் போயின. அவ்வேற்பியின் உட்புற நொதியை மட்டும் நீக்கிய சுண்டெலிகள் நலமாகவே வளர்ந்ததை 1998இல் ஜப்பானிய அறிஞர்கள் காட்டினர். ஆகவே கருவில் எஃப்.எல்.டி.-1இன் முதற்பணி, மிகுதியாகும் செய்திப் புரதத்தைப் பற்றி வைத்து வெள்ளம் தணிக்கும் அணையின் பணியாகும். இருபடி மரபணுவில் வி.இ.ஜி.எஃப். ஒருபடி குறைந்தாலும் கரு பிழைக்காது என்பதை 1996இல் இரு குழுக்கள் கண்டன. மிகினும் குறையினும் கேடு என்பது இங்கே உயிரளவான உண்மை.

பெருக்கும் அணையும்

என் தாயாரின் வினாவுக்கு விடை இவ்விடத்தில் உள்ளது. கருவில் உயிர் தரும் அதே ஆணை, முதுமையில் விழித்திரையின் அடியில் வேண்டாத நேரத்தில் எழும்போது, புதிய குழாய்கள் கசிந்து பார்வையின் நடுவை மறைக்கின்றன. கசிவுக் காரணி, வளர்ச்சிக் காரணி என்னும் இரு பெயர்களும் ஒருங்கே பொருந்தும் இடம் அது. கண்ணில் இடும் ஊசி மருந்து வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பற்றிக்கொண்டு ஏற்பியை அடையாமல் தடுக்கிறது. ரானிபிசுமாப் என்னும் அத்தகைய மருந்து குறித்து 2006இல் வெளியான ஆய்வில், அதைப் பெற்றவருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் எழுத்தட்டையில் முன்னிலும் பதினைந்து எழுத்தோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தனர்.

புற்றுநோயில் வெற்றி அத்துணை எளிதாக இல்லை. பெருங்குடற் புற்றுக்குப் பெவசிசுமாப் என்னும் மருந்து 2004இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. பிற மருந்துகளோடு அதைச் சேர்த்ததால் நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாக உயர்ந்தது. ஃபோக்மன் கண்ட கனவின் அளவை நோக்க இது சிறிது. ஒரு குடும்பத்துக்கு அந்த ஐந்து மாதம் சிறிதன்று. குருதியின் பக்கத்திலும் இதே கதை. எஃப்.எல்.டி.-3 செய்தி வராமலே ஓயாது ஆணையிடும்படி மாறிவிடுவது, வயது வந்தோரின் கடுமையான மைலாய்டு குருதிப் புற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் காணப்படுகிறது. அதை அடக்கும் மிடோஸ்டாரின் என்னும் மருந்து 2017இல் வந்தது.

மீண்டும் உருப்பெருக்கியின் முன்

பொதுத்தாய் உயிரணுவைத் தனியே காட்டும் முயற்சியும் நின்றுவிடவில்லை. கார்டன் கெல்லரும் உடன் ஆய்ந்தவர்களும் 1990களின் பிற்பகுதியில், தனி உயிரணு ஒன்றிலிருந்து குருதியும் குழாய்ச் சுவரும் பிறப்பதை ஆய்வுக் கலத்தில் காட்டினர். 2004இல் சுண்டெலிக் கருவிலேயே அத்தகையவற்றைக் கண்டனர். எனினும் ஒரு குருதித் தீவு ஒரே தாயின் வழித்தோன்றல் அன்று, பல உயிரணுக்கள் கூடியது என்று 2006இல் வேறோர் ஆய்வு திருத்தியது. உறவு மெய், ஆனால் நேர்க்கோட்டுக் குலமரபு அன்று.

2010இல் மூன்று ஆய்வுக் குழுக்கள், வரிக்குதிரை மீனின் கருவையும் சுண்டெலியின் கருவையும் உயிருள்ளபோதே உருப்பெருக்கியில் நோக்கின. பெருந்தமனியின் அடிச்சுவரில் தட்டையாய் ஒட்டியிருந்த ஓர் உயிரணு மெல்ல வளைந்து, உருண்டு, சுவரிலிருந்து விடுபட்டுக் குருதியின் மூல உயிரணுவாக மாறியதை அவர்கள் படம் பிடித்தனர். சேபின் கோழிக் கருவின் தொடக்க நாளில் கண்டது இடத்தாலும் காலத்தாலும் வேறு. ஆயினும் சுவரே குருதியை ஈனுகிறது என்னும் அவர் கூற்றை அப்படங்கள் மீண்டும் பேசின. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஆய்வுகள் வேறொன்றையும் சொல்லின: குழாய்க்குள் ஓடும் நீரின் உராய்வே, சுவரிலிருந்து குருதி பிறப்பதை ஊக்குகிறது. அதாவது, ஓட்டம் கரையைத் தூண்டுகிறது. கரை நீரைப் பெருக்குகிறது.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு இப்போது விடை கூறலாம். கருவின் தொடக்கத்தில் ஆறும் கரையும் உடன்பிறந்தவை. பின்னர்ப் பெருந்தமனியில் கரையே ஆற்றுக்குத் தாய். முதல் எது என்னும் வினாவுக்கு ஒற்றை விடை கிட்டாததற்குக் காரணம், பாண்டம் வேறு பொருள் வேறு என நாம் முன்னமே பிரித்து வைத்ததுதான். அப்பிரிவினை நம் பெயர்களில் இருந்தது, உயிரில் இல்லை. ஃபிளக் என்றவர் குருதியில் நின்றார், கே.டி.ஆர். என்றவர் குழாயில் நின்றார். நடுவில் நின்று இரண்டையும் ஒன்றாகப் பார்க்க, உறங்காத ஓர் இரவு வேண்டியிருந்தது.

ஊசி மருந்து தொடங்கிய பின் என் தாயாரின் கண்ணில் நிழல் முற்றும் அகலவில்லை, பரவாமல் நின்றது. பெரிய எழுத்தில் அச்சிட்ட நூல்களை அவர் படிக்கிறார். இக்கட்டுரையின் கைப்படியைப் பெரிதாக எழுதி அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு படித்து முடித்து, மூன்று இடங்களில் ஒற்றுப் பிழை திருத்தித் திருப்பித் தந்தார்.